ஈரலுக்குள் ஒரு நண்டு!

திருப்பாலைக்குடிக் கடற்கரை. பொழுது விடியும் நேரம்.

நண்டு வலை கரைக்கு வந்துவிட்டது. ஆணும் பெண்ணும் சுற்றி உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். இது சுலபமான வேலை அல்ல. ஒரு காலை விடுவித்தால், மறு காலால் வலையைக் கவ்விக்கொள்ளும். கால் ஒடிந்தாலும் ஒடியும், பிடியை விடாது!

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க நாட்டு வைத்தியர்களும் ஒரு நண்டைக் கண்டார்கள். கடலில் அல்ல, மனிதர் உடம்பில்! கெட்டியான கட்டி, அதைச் சுற்றி நாலாபக்கமும் புடைத்து ஓடும் இரத்தக் குழாய்கள். பார்வைக்கு, நண்டு கால் பரப்பிக் கிடப்பது போல இருந்தது. ஹிப்போகிரட்டீஸ் காலத்து வைத்தியர்கள் அந்த நோய்க்கு 'நண்டு' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் லத்தீன் மொழிக்குப் போய், பிறகு இங்கிலீஷுக்கு வந்து, 'கேன்சர்' ஆயிற்று.

தமிழில் புற்றுநோய் என்கிறோம். இதுவும் பொருத்தமான பெயர்தான். கரையான் புற்று எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வளர்ந்த பிறகே கண்ணில் படும்.

இந்த நோயில் பல வகை உண்டு. அவற்றில் ஒன்று, பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்று. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 19 லட்சம் பேருக்கு மேல் இது வருகிறது. சுமார் 9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அந்த நண்டு குடலோடு நின்றுவிட்டால், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அது ஈரலுக்குத் தாவும்போதுதான் ஆபத்து முற்றுகிறது.

ஈரலில் அந்த நண்டை எதிர்க்க யாரும் இல்லையா? இருக்கிறார்கள். நம் உடம்புக்கு உள்ளேயே ஒரு பட்டாளம் இருக்கிறது. ஆனால், அந்தப் பட்டாளம் சில நேரம் சண்டை போடுகிறது. சில நேரம் தூங்கிவிடுகிறது. சில நேரம் அதற்கே ஆபத்து வருகிறது. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உலகத்து விஞ்ஞானிகள் பலர் இரவு பகலாக உழைக்கிறார்கள்.

தங்கைக்கு வந்த நோய்

முதலில் நம் பக்கத்துக் கதை ஒன்று.

புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பெண் ஒருத்தி டாக்டருக்குப் படிப்பது என்பது சாமானியமான காரியம் அல்ல.

அவருக்கு ஒரு தங்கை இருந்தார். இளம் வயது. தங்கைக்கு வயிற்றில் கோளாறு ஏற்பட்டது. சீதபேதி என்று நினைத்தார்கள். அதற்கே மருந்தும் கொடுத்தார்கள். நோய் தீரவில்லை. கடைசியில்தான் உண்மை தெரிந்தது. அது சீதபேதி அல்ல, மலக்குடல் புற்று! தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காவின் கண் எதிரிலேயே தங்கை துடிதுடித்து இறந்தார்.

அக்காவே டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை முத்துலட்சுமி அம்மையாரை விடவே இல்லை. சட்டசபையில் பேசினார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், அவ்வை இல்லம் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவே, புற்றுநோய்க்கு என்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீடு வீடாக நன்கொடை திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. தொடக்கத்தில் 12 படுக்கைகள்தான். அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரியையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார்.

ஒரு தங்கையின் சாவு, பல்லாயிரம் பேருக்கு வாசலைத் திறந்துவிட்டது. ஆனால், அந்தத் தங்கை விஷயத்தில் நடந்த தவறு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

குடலில் இருந்து ஈரலுக்கு

குடலில் வந்த நோய் ஏன் ஈரலுக்குப் போகிறது? கைக்கோ காலுக்கோ போகக் கூடாதா?

காரணம் உண்டு. நாம் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து, குடலில் இருந்து இரத்தத்தில் கலக்கிறது. அந்த இரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. ஒரு பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஈரல் அதைச் சோதித்து, விஷத்தை முறித்து, சத்தைச் சேமித்து, பிறகுதான் மேலே அனுப்புகிறது. துறைமுகத்தில் இறங்கும் சரக்கெல்லாம் சுங்கச்சாவடியைத் தாண்டித்தானே ஊருக்குள் போக வேண்டும்? அதுபோலத்தான்.

ஈரலின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் அதன் வழியாக ஓடுகிறது. அதில் முக்கால் பங்கு, குடல் பக்கம் இருந்து வருவது.

குடலில் இருக்கும் கட்டியில் இருந்து ஒரு புற்று அணு கழன்று இரத்தத்தில் விழுந்தால், அது போய்ச் சேரும் முதல் இடம் ஈரல்தான். நோய் தெரியும்போதே 100 பேரில் 20, 25 பேருக்கு ஈரலிலும் கட்டி இருக்கிறது. வேறு பலருக்குச் சில ஆண்டு கழித்து வருகிறது. ஈரலுக்குள் வலி தெரியும் நரம்புகள் இல்லை. ஆகவே, கட்டி சிறிதாக இருக்கும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடுவார். கடலுக்கும் போய் வருவார்.

முள் குத்திய நட்சத்திரம்

இப்போது அந்தப் பட்டாளத்தைப் பற்றிப் பார்க்கலாம். அதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு கடற்கரையில்தான் நடந்தது.

1882-ம் ஆண்டு. இத்தாலி நாட்டில், சிசிலித் தீவு. மெசினா என்ற துறைமுக ஊர். அங்கே மெட்சினிகாப் என்ற ரஷ்ய விஞ்ஞானி குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் ஊருக்குள் சர்க்கஸ் வந்தது. குரங்குகள் வித்தை காட்டுகின்றன என்று வீட்டில் எல்லாரும் பார்க்கப் போய்விட்டார்கள். மெட்சினிகாப் போகவில்லை. பூதக்கண்ணாடியும் அவருமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்.

அவர் முன்னால் இருந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. நம் கடற்கரையில் வலையில் ஏறினால் தூக்கி எறிந்துவிடுவார்களே, அதே நட்சத்திர மீன்தான். அதன் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதற்குள் சில அணுக்கள் அலைந்து திரிவதை அவர் கண்டார். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "நம் விரலில் முள் தைத்தால் அந்த இடத்தில் சீழ் கட்டுகிறதே! இதற்கு முள் தைத்தால் என்ன ஆகும்?"

தோட்டத்துக்குப் போனார். முள்ளை ஒடித்து வந்தார். குஞ்சின் உடம்பில் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. பொழுது விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். அலைந்து திரிந்த அணுக்கள் எல்லாம் முள்ளைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றன! வெளியில் இருந்து வந்த பகைவனை விழுங்கப் பார்க்கும் அணுக்கள் அவை. மனிதர் இரத்தத்திலும் அவை உண்டு. அவற்றை 'விழுங்கும் அணுக்கள்' என்று சொல்லலாம். இதற்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கஸுக்குப் போயிருந்தால் குரங்கைத்தான் பார்த்திருப்பார்!

விழுங்கும் அணுக்கள் மட்டும் அல்ல, பட்டாளத்தில் வேறு படைகளும் உண்டு. அவற்றில் முக்கியமானவை 'டி' அணுக்கள். இவை குறி பார்த்துத் தாக்கும் வீரர்கள். உடம்பில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு அணுவும் தன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே மாதிரி காட்டிக்கொண்டே இருக்கும். 'டி' அணு அதைத் தொட்டுப் பார்க்கும். நம்மவன் என்றால் விட்டுவிடும். அந்நியன் என்றால் கொன்றுவிடும்.

அப்படியானால் புற்று அணுவை ஏன் கொல்வதில்லை? புற்று அணு வெளியூரான் அல்ல. நம் வீட்டில் பிறந்து கெட்டுப்போன பிள்ளை. முகம் நம் முகம்! ஆகவே, காவலன் தடுமாறுகிறான்.

சாதுவான ஈரல்

ஈரலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

உடம்பில் உள்ள விழுங்கும் அணுக்களில் பெரும்பகுதி ஈரலில்தான் குடியிருக்கிறது. கூட்டம் அத்தனை இருந்தும், ஈரல் சண்டைக்காரன் அல்ல. மகா பொறுமைசாலி! அதற்குக் காரணம் இருக்கிறது. மீன், நண்டு, காய்கறி, பால் என்று நாம் சாப்பிடுவதெல்லாம் உடம்புக்கு அந்நியப் பொருள்தானே? குடலில் இருந்து இவற்றின் துணுக்குகள் தினமும் ஈரலுக்கு வருகின்றன. வருவதையெல்லாம் எதிரி என்று அடித்தால், ஈரல் ஒரு வாரத்தில் வெந்துபோகும். ஆகவே, "போனால் போகட்டும்" என்று விட்டுக்கொடுத்தே அது பழகிவிட்டது.

1969-ல் இங்கிலாந்தில் ராய் கேன் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். ஒரு பன்றியின் ஈரலை எடுத்து வேறொரு பன்றிக்கு வைத்தார்கள். பொதுவாக, வேற்று உடம்பின் உறுப்பை உடம்பு ஏற்காது. தடுக்க மருந்து கொடுக்க வேண்டும். ஆனால், மருந்து கொடுக்காமலே பல பன்றிகளின் உடம்பில் அந்த ஈரல் நிலைத்துவிட்டது! ஈரலின் பொறுமை அப்படி.

இந்த நல்ல குணமே புற்றுக்கு வசதியாகிவிடுகிறது. பொறுமைசாலி வீட்டுத் திண்ணையில் திருடன் படுத்துக்கொள்வது போல, குடல் புற்று ஈரலில் வந்து குடியேறுகிறது.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. 2021-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். ஈரலில் புற்று இருக்கும்போது, இரத்தத்தில் சுற்றும் 'டி' வீரர்கள் ஈரலுக்குள் இழுக்கப்படுகிறார்கள். அங்கே உள்ள விழுங்கும் அணுக்களில் ஒரு வகை, அந்த வீரர்களைச் சாகும்படி செய்துவிடுகிறது. சொந்தப் படையே சொந்தப் படையைக் கொல்லும் விபரீதம்! இதனால் ஈரலில் மட்டும் அல்ல, உடம்பின் மற்ற இடங்களிலும் வீரர் தொகை குறைந்துவிடுகிறது. எலிகளின் ஈரல் கட்டிக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தபோது, வீரர்கள் மறுபடி பிழைத்து நின்றார்கள். மனிதர்களிடமும் அது பலிக்குமா என்பதற்கு இன்னும் சோதனைகள் வேண்டும்.

இவை போதாது என்று, 'டி' அணுக்களிலேயே சமாதானப் பிரிவு ஒன்று இருக்கிறது. வீரர்கள் வெறி பிடித்துச் சொந்த உடம்பை அடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதைக் கண்டறிந்த ஜப்பானியர் சகாகுச்சிக்கும், அமெரிக்கர்கள் பிரங்கோ, ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. புற்றுக் கட்டிகள் இந்தச் சமாதானக்காரர்களையே தங்கள் பக்கம் கூட்டி வைத்துக்கொள்கின்றன. எத்தனை தந்திரம் பாருங்கள்!

எண்ணிப் பார்த்தார்கள்

இத்தனை தடை இருந்தும், சிலர் உடம்பில் வீரர்கள் கட்டிக்குள் புகுந்துவிடுகிறார்கள்.

பாரிஸ் நகரத்தில் காலோன் என்ற விஞ்ஞானி ஒரு வேலை செய்தார். ஆபரேஷனில் எடுத்த குடல் கட்டிகளை மெல்லிய சீவல்களாகச் சீவி, அவற்றில் 'டி' அணுக்கள் எத்தனை இருக்கின்றன, எந்த இடத்தில் இருக்கின்றன என்று எண்ணினார். 2006-ல் முடிவை வெளியிட்டார். கட்டிக்குள்ளும் கட்டியின் ஓரத்திலும் வீரர்கள் நெருக்கமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. வீரர்கள் இல்லாதவர்களுக்கு அதிகம். கட்டியின் அளவைவிட, அதைச் சுற்றி நின்ற படையின் அளவு கூடுதலாக உண்மை பேசியது!

பிறகு 13 நாடுகளில் 2,681 நோயாளிகளின் கட்டிகளை இப்படியே எண்ணிப் பார்த்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. 2018-ல் வந்த அந்த முடிவும் முதல் முடிவை உறுதி செய்தது. ஈரலுக்குப் பரவிய கட்டிகளிலும் இதே கதைதான். ஈரல் கட்டியின் எல்லையில் வீரர்கள் திரண்டு நின்றவர்கள், ஆபரேஷனுக்குப் பின் அதிக காலம் வாழ்ந்தார்கள்.

பிரேக்கை எடுத்தவர்கள்

வீரர்கள் கட்டியின் வாசல்வரை வந்து, அடிக்காமல் சும்மா நிற்பதும் உண்டு. ஏன்?

'டி' அணுவின் மேல், மாட்டு வண்டியின் கட்டை போல, லாரியின் பிரேக் போல ஒரு தடை இருக்கிறது. அதை அழுத்தினால் வீரன் நின்றுவிடுவான். புற்று அணு அந்த பிரேக்கை அழுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது! அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் ஒரு பிரேக்கையும், ஜப்பானின் ஹோஞ்சோ இன்னொரு பிரேக்கையும் ஆராய்ந்தார்கள். அலிசன் சிறுவனாக இருக்கும்போதே அவருடைய தாயார் புற்றுநோயால் இறந்தவர். பிரேக்கை அழுத்தவிடாமல் தடுத்தால், வீரன் மறுபடி பாய்வான் என்று இருவரும் காட்டினார்கள். 2018-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. இன்று அந்த வழியில் பல ஊசி மருந்துகள் வந்துவிட்டன.

இந்த மருந்து குடல் புற்றுக்குப் பலிக்குமா? சிலருக்கு மட்டும் பலிக்கும். அணு இரண்டாகப் பிரியும்போது, அதன் உள்ளே எழுதப்பட்ட விதிகளைப் படி எடுக்கிறது. எழுத்துப் பிழை வந்தால் திருத்தும் கருவியும் அதனிடம் உண்டு. சிலருடைய கட்டியில் அந்தக் கருவி கெட்டிருக்கும். ஆகவே, ஆயிரக்கணக்கில் பிழைகள் சேரும். பிழை சேரச் சேர, புற்று அணுவின் முகம் மாறும். வீரன் அதை "அந்நியன்" என்று கண்டுகொள்வான். அப்படிப்பட்டவர்களுக்கு பிரேக்கை எடுக்கும் ஊசி நன்றாக வேலை செய்கிறது.

2020-ல் முடிவு வெளியான ஒரு சோதனையில், நோய் பரவிய நிலையில் இருந்த இப்படிப்பட்ட 307 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். வழக்கமான மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நோய் சுமார் 8 மாதம் அடங்கி இருந்தது. ஊசி பெற்றவர்களுக்கு 16 மாதம்! 2022-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்று வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. மலக்குடல் கட்டி வேறு எங்கும் பரவாத, இதே வகைப் பிழை உள்ள 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி மட்டும் போட்டார்கள். கத்தி இல்லை, கதிர் இல்லை. 12 பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது! 2025-க்குள் அந்தக் கணக்கு 49 பேராக உயர்ந்தது. 49 பேருக்கும் அதே பலன்.

ஆனால், அவசரப்பட்டு ஆசை வளர்த்துக்கொள்ளக் கூடாது. நோய் பரவியவர்களில் 100-க்கு சுமார் 5 பேருக்குத்தான் இந்தப் பிழை வகை இருக்கிறது. மற்ற 95 பேருக்கு இந்த ஊசியால் பெரும்பாலும் பலன் இல்லை. மருந்தின் விலையோ லட்சக் கணக்கில். பிரேக் இல்லாத லாரி போல, வீரர்கள் சில நேரம் சொந்தக் குடலையும் நுரையீரலையும் தாக்குவதும் உண்டு.

ஒடிந்த கால் முளைக்கும்

அந்த 95 பேரின் கதி என்ன? ஈரலுக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் முன்பு நினைத்தார்கள். இப்போது அப்படி இல்லை.

வலையில் கால் ஒடிந்த நண்டைக் கடலில் விட்டால், ஓடு கழற்றும்போது புதுக் கால் முளைத்து வரும். இது மீனவர்களுக்குத் தெரியும். மனித உறுப்புகளில் ஈரலும் அப்படித்தான்! நல்ல ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும், மிச்சம் சில மாதத்தில் வளர்ந்துவிடும். ஆகவே, ஈரல் கட்டிகளைத் துணிந்து வெட்டி எடுக்கிறார்கள். எல்லாருக்கும் இது முடியாது. கட்டி இருக்கும் இடமும் எண்ணிக்கையும் இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு வெட்டுகிறார்கள். அப்படி முழுவதும் எடுக்க முடிந்தவர்களில், 100-க்கு ஏறக்குறைய 40 பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் டாக்டர்களே நம்பமாட்டார்கள்.

மூலம் என்று நினைத்து...

முத்துலட்சுமி அம்மையாரின் தங்கைக்கு நடந்ததைப் பிறகு பார்ப்போம் என்று சொன்னோம் அல்லவா? அன்று சீதபேதி என்றார்கள். இன்று "மூலம்" என்கிறார்கள்.

மலத்தில் இரத்தம் போனால், பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. சொன்னாலும், "மூலச்சூடு, மோர் குடி" என்று பக்கத்து வீட்டார் வைத்தியம் சொல்வார்கள். கடையில் களிம்பு வாங்கித் தடவுவார்கள். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால், எல்லாருக்கும் அல்ல! இரத்தம் தொடர்ந்து போனாலும், மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலும், காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தாலும், இரத்தசோகை வந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அவர் விரலால் சோதிப்பார். தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். குடலில் முதலில் தோன்றுவது சின்ன மொட்டு போன்ற சதை. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு போல ஆகும். மொட்டிலேயே கிள்ளிவிட்டால் புற்று இல்லை, ஈரல் கவலையும் இல்லை. தாய், தகப்பன், உடன்பிறந்தார் யாருக்காவது இந்த நோய் இருந்தால், நாற்பது வயது ஆகும்போதே ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

திருப்பாலைக்குடியில் பஸ் ஏறினால், தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் போய்விடலாம். அங்கே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. பெரிய ஆபரேஷனுக்கு மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபரேஷனும் மருந்தும் அந்தத் திட்டத்தில் அடங்கும். அட்டையை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். குடல் புற்று என்று தெரிந்துவிட்டால், "எழுத்துப் பிழை வகையா என்று சோதித்தாயிற்றா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். டாக்டர்கள் அதை 'எம்.எஸ்.ஐ.' சோதனை என்பார்கள். இதற்கு மறுபடியும் கத்தி வைக்க வேண்டியதில்லை. முதலில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, சோதனைச் சாலையில் வைத்திருப்பார்கள். சோப்புக் கட்டியைவிடச் சின்ன மெழுகுக் கட்டி. அதில் இருந்து சில சீவல்கள் போதும்.